முன்வரிசைப் பிணம்

பொம்மைக்காரியின் கணவர் சினிமாவில் சாகாத சாவு இல்லை. ஆற்றில் மிதந்திருக்கிறார், கிணற்றிலிருந்து கயிறு கட்டித் தூக்கப்பட்டிருக்கிறார், ஒரு துப்பறியும் படத்தில் பெட்டிக்குள் மடங்கிக் கிடந்திருக்கிறார். இவ்வளவுக்கும் அவர் ஒருநாள்கூடக் கேமரா முன்னால் போய் நின்றதில்லை. அவர் லிஃப்ட் மெக்கானிக். செத்ததெல்லாம் அவருடைய முகம் மட்டும்தான்.

சினிமாவுக்குப் பிணம் செய்து கொடுப்பது அவர் மனைவியின் தொழில். யூனிட்டில் எல்லோரும் அவளைப் பொம்மைக்காரி என்றே கூப்பிட்டார்கள். ஒரு மனிதரின் முகத்தை அப்படியே எடுக்க வேண்டுமானால், பல் டாக்டர்கள் பல்லுக்கு அளவெடுக்கிற மாவைத் தண்ணீரில் குழைத்து, நெற்றியிலிருந்து கழுத்துவரை அப்ப வேண்டும். மூக்கின் துவாரங்களை மட்டும் விட்டுவைக்கலாம். மாவு ரப்பர்போல இறுகும். ஆனால் அதைத் தனியாக உரித்தால் தொளதொளவென்று மடங்கிவிடும் என்பதால், கை கால் முறிந்தால் போடுகிற மாவுக்கட்டுத் துணியை நனைத்து அதன்மேல் ஒட்டி ஓடு மாதிரி ஆக்க வேண்டும். இது முடியும்வரை உள்ளே இருப்பவர் கண் திறக்கக் கூடாது, பேசக் கூடாது, சிரிக்கக் கூடாது. பெரும்பாலானவர்களுக்கு மாவு வாயை மூடியதுமே உயிர் போய் உயிர் வரும். பயத்தில் தாடையை இறுக்கிக்கொள்வார்கள். அப்படி எடுத்த முகம் செத்தவன் முகமாக இருக்காது, பல்வலிக்காரன் முகமாக இருக்கும்.

அவள் கணவருக்கு அந்தப் பிரச்சினையே கிடையாது. லிஃப்ட் குழிக்குள் இருட்டில் மணிக்கணக்கில் மல்லாந்து படுத்து வேலை பார்க்கிறவர். மாவு பூசி முடிப்பதற்குள் குறட்டை வந்துவிடும். "நாளைக்கு வேலைக்குப் போறதுக்கு முன்னாடி கொஞ்சம் செத்துட்டுப் போங்க" என்று அவள் சொன்னால், "சட்டை அழுக்காகாம பாத்துக்க" என்பதோடு சரி.

அச்சு கிடைத்துவிட்டால் மற்றது அவள் கையில். மூக்கில் களிமண் வைத்துப் புடைக்கச் செய்வாள், புருவத்தைத் தூக்குவாள், மீசை வைப்பாள், வழுக்கையாக்குவாள். கணவர் ஒருவரிலிருந்து ஊரையே செய்துவிடலாம் என்பது அவள் கர்வம். ஆனால் அந்த ஊரை யாரும் கிட்டத்தில் பார்த்ததில்லை. அவளுடைய பிணங்கள் எப்போதும் புகைக்குப் பின்னால், கவிழ்ந்த வண்டிக்கு அடியில், மங்கலாகக் கிடக்கும். கேமரா கிட்டே வர வேண்டிய இடம் வந்தால் உயிருள்ள நடிகரைப் படுக்க வைத்துவிடுவார்கள். உயிருள்ளவருக்குக் கழுத்து நரம்பு துடிக்கும், இமை படபடக்கும், எறும்பு ஏறினால் கால் தானாக இழுத்துக்கொள்ளும். இருந்தாலும் அவரைத்தான் நம்புவார்கள். சாவதற்குள் ஒரு தடவை தன் பிணத்துக்கு ஒரு குளோசப் வாங்கிவிட வேண்டும் என்பதுதான் அவளுடைய ஆசை.

அந்தச் சமயத்தில்தான் இந்தப் போர்ப் படம் வந்தது. இயக்குநருக்கு யூனிட் வைத்திருந்த பெயர் 'நிஜம்'. எதைக் காட்டினாலும் தலையைச் சாய்த்து, "நிஜமா இல்லையே" என்பார். ரத்தத்துக்கே பாடாய்ப் படுத்தினார். நிஜ ரத்தத்தின் நிறத்தை அப்படியே கலந்தால் திரையில் பெயின்ட் கொட்டின மாதிரித் தெரிகிறது. கொஞ்சம் கறுப்பு சேர்த்தால்தான் ரத்தமாகத் தெரிகிறது. உடம்பிலிருந்து வரும்போது ஒரு நிறம், காற்றுப் பட்டபின் ஒரு நிறம், மண்ணில் ஊறிக் காய்ந்தபின் வேறொரு நிறம். அவள் எல்லாவற்றையும் சர்க்கரைப் பாகில் செய்து, பாட்டில்களில் 'இப்போ', 'அப்போ', 'நேத்து' என்று எழுதி ஒட்டினாள். ஒரு காலையில் கணவர் தெரியாமல் ரொட்டியில் தடவித் தின்றுவிட்டு, "இதுல 'நேத்து' லேசா கசக்குது" என்றார். நிஜம் அந்த 'நேத்து'வைத்தான் ஒத்துக்கொண்டார்.

ரத்தம் தேறியது. பிணங்களைப் பார்க்க வேண்டிய நாள் வந்தது. ஒரு பழைய கிடங்குக்குப் பின்னால் குண்டு விழுந்த தெரு ஒன்றைக் கட்டியிருந்தார்கள். பொம்மைக்காரி தன் பொம்மைகளைத் தெரு நெடுகப் பரப்பியிருந்தாள். சாம்பல் உடுப்பில் ஒரு படை, காக்கியில் எதிர்ப்படை, நடுவில் ஊர்ச்சனம். நிஜம் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு மெதுவாக நடந்துவந்தார். ஒரு பிணத்தருகே நின்றார். திரும்பிப் போய் முன்னால் பார்த்ததை இன்னொரு தடவை பார்த்தார்.

"மேடம், இவன் எந்தப் படை?"

"சாம்பல் படை சார்."

"அப்ப அங்க காக்கில கெடக்கிறது?"

"அது வேற ஆள் சார். மூக்கப் பாருங்க, நல்லா புடைப்பா இருக்கு."

"மூக்கு வேறதான். காது?"

பொம்மைக்காரி குனிந்து பார்த்தாள். காது இருக்கிறதே, முகத்திலேயே அச்செடுக்க மோசமான இடம் அது. மடிப்புக்குள் மடிப்பு. மாவை உரிக்கும்போது கிழிந்துவிடும். அதனால் ஒரே ஒரு தடவை நன்றாக வந்த கணவரின் காது அச்சையே எல்லாத் தலைக்கும் வைத்துவந்திருந்தாள். அவருடைய இடது காதின் மேல் விளிம்பு, புத்தகத்தில் அடையாளத்துக்கு மடித்த பக்கம் மாதிரி லேசாக மடங்கியிருக்கும். இப்போது தெரு முழுக்க அந்த மடிப்பு.

"ரெண்டு நாடு சண்டை போடுது. ரெண்டு பக்கமும் செத்தது ஒரே ஆளு. நடுவுல ஊர்ச்சனமும் அவனேதான்" என்றார் நிஜம். "மத்த ஜனமெல்லாம் எங்க மேடம், லீவா?"

ஏணிமேல் இருந்த லைட்மேன் சத்தமாகச் சிரித்தார்.

"தூரத்துல தெரியாது சார்."

"தூரத்துல யார் வைக்கப் போறா? கேமரா இந்தத் தெருவோட தரையிலயே ஊர்ந்து வருது. கடைசியில ஒரு வயசான அம்மா கெடக்கணும். அந்த முகத்துக்கிட்ட நிக்கணும், ஒரு கை தூரத்துல. ஒரு வாரம் தரேன். வேற வேற முகம் கொண்டாங்க. அந்த அம்மா முகம் நல்லா வந்தா குளோசப் உங்களுக்கு. இல்லேன்னா உசிரோட இருக்கிற ஒரு ஆளப் படுக்க வச்சுக்கறேன்."

ஒரே நேரத்தில் அவமானமும் சந்தோஷமும் வந்தால் மனிதருக்கு என்ன செய்வதென்று தெரியாது. அவள் வீட்டுக்கு வந்து கணவரின் காதையே கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்தாள்.

"என்ன?"

"உங்க காது என் மானத்த வாங்கிடுச்சு."

ஒரு வாரத்தில் அந்நியர்களைத் தேடிப் பிடித்து, பயம் தெளிவித்து, மாவுக்குள் படுக்க வைக்க முடியாது. சொந்தக்காரர்கள்தான் வழி. கொழுந்தன் வந்தான். நாத்தனார் வீட்டுக்காரர் வந்தார், தனக்கு நெஞ்சில் குண்டு பட வேண்டும், முதுகில் பட்டால் ஓடிப்போனவன் என்று ஆபீசில் பேசுவார்கள் என்றார். வயதான அம்மா வேடத்துக்கு அவள் தன் சொந்த அம்மாவையே கேட்டாள். அம்மா பக்கத்துத் தெருதான்.

"எப்ப வரணும்? முடிக்கு டை அடிச்சுட்டு வரவா?" என்றாள் அம்மா.

"செத்தவங்களுக்கு எதுக்கும்மா டை?"

"ஏன், செத்தா லட்சணமா இருக்கக் கூடாதா?"

அம்மா தைரியமாகத்தான் படுத்தாள். ஆனால் மாவு உதட்டைத் தொட்டதும் எதையோ சொல்ல வாயைத் திறந்துவிட்டாள். முகம் அப்படியே இறுகிப்போயிற்று. யாரோ அதிர்ச்சியான செய்தி சொன்னதைக் கேட்டதுபோல வாய் பிளந்திருந்தது. இரண்டாவது வரிசைக்குத் தாராளமாகப் போதும். ஒரு கை தூரத்துக்குத் தாங்காது.

மிச்சம் இருந்தது மாமியார். மாமியார் அதே வீட்டில்தான் இருந்தார், ஆனால் பொம்மைக்காரியின் பட்டறைக்குள் காலெடுத்து வைப்பதில்லை. முன்பொரு தடவை கத்தரிக்கோல் தேடி உள்ளே போனவர், அலமாரியில் தன் மகன் மீசையோடு செத்துக் கிடப்பதைப் பார்த்து அலறிய அலறலில் தெருவே கூடிவிட்டது. யார் செத்தது என்று பார்க்க மகனே வாயில் பிரஷ்ஷோடு ஓடிவந்தார். அன்றிலிருந்து அது 'அந்த ரூம்'.

"என் பையன வரிசையா சாகடிச்சு அடுக்கி வச்சிருக்கே. போதாதுன்னு இப்ப என்னையுமா?" என்றார் மாமியார். பேச்சு அதோடு முடிந்தது.

முடிந்த பேச்சைத் திறந்தது அவளுடைய அம்மாதான். அன்று சாயங்காலமே சம்பந்தியைப் பார்க்க வந்து உட்கார்ந்தாள்.

"சம்பந்தி, நான் செத்துட்டேன். நல்லா வந்திருக்காம்."

"அப்படியா."

"நிறைய பேர் சாகறாங்களாம். ஆனா கேமரா கிட்ட வந்து நிக்கிறது ஒருத்தர்கிட்டதானாம். அனேகமா நானாத்தான் இருக்கும். முகக்களை வேணுமில்ல."

மறுநாள் காலையில் மாமியார் தலை வாரிக்கொண்டு பட்டறை வாசலில் நின்றார். "ரெண்டு விஷயம். பல் செட்டக் கழட்ட மாட்டேன். உங்கம்மா பக்கத்துல என்னப் போடக் கூடாது. செத்தும் அவங்க பேச்சக் கேட்டுட்டுக் கெடக்க என்னால ஆகாது."

மாவு பூசுவதற்கு முன்னால், அதற்குள் போனால் பேச முடியாது என்பதால், பேச வேண்டியதையெல்லாம் பேசித் தீர்த்தார். இந்த வீட்டுச் சமையலில் உப்பு என்பது எப்படி ஒரு வதந்தியாக ஆகிவிட்டது என்பதில் ஆரம்பித்து வெகுதூரம் போனார். மகன் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டார். ஒரு அழுத்து அழுத்தினால் சௌகரியம், இரண்டு அழுத்தினால் உடனே எடு என்று ஏற்பாடு. மாவு வாயை மூடியது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பொம்மைக்காரி கேட்டறியாத ஒரு அமைதி அறையில் நிலவியது. அவள் அன்று வேலையைக் கொஞ்சம் நிதானமாகவே செய்தாள். நடுவில் மகன் மெதுவாக, "கை தளந்துபோச்சு. தூங்கிட்டாங்க" என்றார். லிஃப்ட் குழியில் வருகிற அதே தூக்கம், தாய்வழிச் சொத்து.

அந்த முகம் அவள் கையில் அதுவரை வந்ததிலேயே நல்ல முகம். நாம் நிற்கும்போது கன்னம் தாடைக்கு இறங்கும், படுத்தால் காதுப் பக்கம் சரியும். தூக்கத்தில் அந்தச் சரிவு முழுசாகப் பதிந்திருந்தது. சிலிகானில் வார்த்து, தோலுக்கு மேலே வர்ணம் அடிக்காமல், மெல்லிய அடுக்கடுக்காக ஊற்றி ஒவ்வோர் அடுக்குக்கும் அடியில் நிறத்தை ஒளித்துவைத்தாள். நீல நரம்பு ஆழத்தில், வயதின் புள்ளிகள் மேலாக. புருவத்தை ஊசியால் ஒவ்வொரு முடியாக நட்டாள். காதையும் புதிதாகவே எடுத்திருந்தாள். கொண்டுபோய்க் காட்டியபோது நிஜம் தலையைச் சாய்க்கவே இல்லை. வெகுநேரம் பார்த்துவிட்டு, "ஒரு கை தூரம்" என்றார். பிறகு, அவர் நிஜம் ஆயிற்றே, "நெத்தி பொளந்திருக்கணும். கால் ஒண்ணு கோணலா மடங்கியிருக்கணும். ஜனம் பாத்து நடுங்கணும்" என்றார். அவள் அதையும் செய்தாள்.

படப்பிடிப்பு நாளன்று வேன் ஓட்டக் கணவர் லீவு போட்டுவிட்டு வந்தார். நல்ல பொம்மைக்கு நல்ல கனம் வேண்டும். லேசாக இருந்தால் தூக்கும்போது கை தலையணை மாதிரி ஆடிக் காட்டிக்கொடுத்துவிடும். அதற்காக உள்ளே மணல் மூட்டை வைத்திருப்பாள். கணவர் தன் பழைய பிணங்களைக் காலைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துப்போட்டார். "பாருங்க, என்ன நானே அடக்கம் பண்ண வேண்டியிருக்கு" என்று லைட்மேனிடம் சொல்லிச் சிரிக்க வைத்தார். தம்பியை ஒரு கதவுக்கடியில் திணித்து, "வாடகை குடுக்காம இரு, யாரு கேக்கறா" என்றார். மாமியாரை, அதாவது பொம்மைக்காரியின் அம்மாவை, மரியாதையாகத் தோளைப் பிடித்து இரண்டாவது வரிசையில் கிடத்தினார்.

கடைசியாக வேனில் ஒருத்தர்தான் மிச்சம். அவரை இழுக்கவில்லை. முதுகுக்கு ஒரு கை, முழங்காலுக்கு ஒரு கை கொடுத்துத் தூக்கிக்கொண்டு வந்தார். மணல் கனம் அழுத்த மெதுவாக மண்டி போட்டு இறக்கினார். முதுகுக்கு அடியில் கையை விட்டுச் செங்கல் துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தூரப் போட்டார். பிறகு மடங்கிய காலை நீட்டி வைத்தார்.

"கால் கோணலாத்தான் இருக்கணும்" என்றாள் பொம்மைக்காரி.

"அம்மாவுக்கு மூட்டு வலி. இப்படி மடக்கினா தாங்காது."

"என்னங்க, அது சிலிகான்."

"தெரியும். நான்தானே தூக்கிட்டு வந்தேன்."

அவள் 'அப்போ' பாட்டிலை எடுக்க வேனுக்குப் போனாள். திரும்பி வருவதற்குள் கணவர் வியர்வை துடைக்கக் கழுத்தில் போட்டிருந்த துண்டை எடுத்து அந்த முகத்தின்மேல் போட்டிருந்தார். நெற்றியின் பிளவு, நரம்பு, புருவம் எல்லாம் உள்ளே போய்விட்டன. அவர் பக்கத்திலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார், எப்போது எழுந்திருப்பது என்று தெரியாதவர் மாதிரி. அதே நேரத்தில் கேமரா ஒத்திகைக்காகத் தெருவில் ஊர்ந்து வந்துகொண்டிருந்தது.

"யாரும் எதையும் தொடாதீங்க" என்றது ஒலிபெருக்கி. "மேடம், இங்க வாங்க."

நிஜத்தின் முன்னால் சின்னத் திரை இருந்தது. அதில் தெரு நகர்ந்தது, பிணங்கள் நகர்ந்தன, கடைசியில் துண்டும் பக்கத்தில் அந்த மனிதரும் வந்து நின்றார்கள்.

"சார், அவர் என் வீட்டுக்காரர். நடிகர் இல்ல. இதோ எந்திரிக்கச் சொல்றேன்."

"வீட்டுக்காரர்னு தெரியுது. காது." அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "மத்த பொணத்துக்கெல்லாம் காத மூடுற மாதிரி தொப்பி போட்டுடுங்க." பிறகு, "ஒரு மாசமா எல்லாரையும் நடுங்க வைக்கணும்னு பாட்டில் பாட்டிலா ஊத்திட்டிருந்தேன். இவர் ஒரு துண்டப் போட்டு வேலைய முடிச்சுட்டார். எனக்கு இதான் வேணும். ஆனா உங்களுக்கு வாக்கு குடுத்திருக்கேன். முகம் உங்க வேலை. போய்த் துண்ட எடுத்தீங்கன்னா முகத்தையே எடுக்கறேன், பேச்சு மாற மாட்டேன்" என்றார்.

அவள் நடந்தாள். இத்தனை வருஷமாகப் புகைக்குப் பின்னால் கிடந்தவற்றையெல்லாம் தாண்டித்தான் நடந்தாள். மண்டி போட்டு உட்கார்ந்து துண்டின் நுனியைப் பிடித்தாள். அடியில் இருக்கிற ஒவ்வொரு முடியும் அவளுக்குத் தெரியும். எதை எந்தச் சாய்வில் நட்டாள் என்பதுகூடத் தெரியும். எடுத்துவிட்டால் போதும், கேமரா ஒரு கை தூரத்தில் இருக்கிறது.

"வெயில் மூஞ்சியிலயே அடிக்குது" என்றார் கணவர், தப்பு செய்தவர் குரலில். "தப்பா எடுத்துக்காத. உன் வேலை நல்லா இருக்கு. ரொம்ப நல்லா இருக்கு. அதான் பிரச்சினை."

மெக்கானிக்கின் கையில் கிரீஸ் கறை. எத்தனையோ தடவை செத்தவர், ஒரு தடவையும் முகம் கோணாதவர், இப்போது மணல் அடைத்த பொம்மையின் விரலைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஒரு அழுத்தா இரண்டு அழுத்தா என்று காத்திருக்கிற மாதிரி இருந்தது.

காற்றில் துண்டின் நுனி எழும்பியது. பொம்மைக்காரி அதை இழுத்துத் தோளுக்கு அடியில் செருகினாள். அந்தப் பக்கத்து நுனியையும் செருகினாள். எழுந்து பாட்டிலைத் திறக்காமலே திரும்பி நடந்து, "இனி பறக்காது சார்" என்றாள்.

படம் வெளியானபோது குடும்பமே ஒரு வரிசையாகப் போய் உட்கார்ந்தது. மாமியார் இஸ்திரி போட்ட உடையில் நடுநாயகமாக இருந்தார். துண்டு விஷயத்தை வீட்டில் யாரும் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. சொல்ல வேண்டியது நீயா நானா என்று கணவனும் மனைவியும் மாதக்கணக்கில் தள்ளிப்போட்டிருந்தார்கள். அம்மா கடைசி இருக்கையில், பொம்மைக்காரிக்கு அந்தப் பக்கம்.

கேமரா தெருவில் இறங்கியது. நாத்தனார் வீட்டுக்காரர் நெஞ்சில் குண்டோடு கௌரவமாகக் கிடந்தார். அடுத்து அம்மா வந்தாள், தெள்ளத்தெளிவாக, வாய் பிளந்து.

"பாத்தீங்களா சம்பந்தி, நான்" என்று சிரித்தாள் அம்மா, மருமகன் வரைக்கும் கேட்கும்படி.

கேமரா போய்க்கொண்டே இருந்தது. துண்டருகே வந்து நின்றது. மண்மேல் நீட்டி வைத்த கால்கள். கிரீஸ் படிந்த ஒரு கை. அரங்கில் பொரி கொறிக்கிற சத்தம் நின்றது. முன்வரிசையில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

"அது நான்தானே?" என்று கிசுகிசுத்தார் மாமியார்.

"ஆமா அத்தை."

"மூஞ்சி எங்க?"

பொம்மைக்காரி மாதக்கணக்கில் தயார் செய்துவைத்திருந்த விளக்கத்தையெல்லாம் விட்டுவிட்டாள். "உங்க பையன்தான் மூடிட்டார். உங்க மேல வெயில் அடிக்குதுன்னு."

மாமியார் திரும்பி மகனைப் பார்த்தார். மகன் தன் செருப்பைப் பார்த்தார். மாமியார் நிமிர்ந்து திரையில் அந்தத் துண்டு மறைகிறவரை பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு மருமகளின் மடிமேல் சாய்ந்து, மூன்று வரிசைக்குக் கேட்கும் ரகசியக் குரலில் சொன்னார்.

"பாத்தீங்களா சம்பந்தி. பொம்மைன்னு தெரியும், இவனே தூக்கிட்டுப் போயிருக்கான். அப்பவும் என் பையனுக்கு மனசு வரல. மூடிட்டான்."

அம்மாவின் சிரிப்பு நின்றது. திரையில் பீரங்கிகள் மறுபடி முழங்க ஆரம்பித்தன. இந்த வரிசையில் யாரும் பார்க்கவில்லை. அம்மா மெதுவாகத் தன் மகள் பக்கம் திரும்பினாள்.

"ஏன்டி. அவங்களுக்குத் துண்டு இருந்துச்சு. பெத்தவள வாயப் பொளந்து நடுத்தெருவுல போட்டுட்டுப் போயிருக்கே. ஒரு கந்தல் துணிகூடவா கிடைக்கல?"

"அப்படியில்லம்மா, கேமரா உன்கிட்ட நிக்காது, ஓடிட்டே இருக்கும். ரெண்டாவது வரிசையிலயும் துணி போட்டா, கண்ணு முன்னாடியே அங்க போயிடும், அப்புறம் கடைசியில..."

"எனக்கு நீ ஒண்ணும் விளக்க வேணாம்."

பின்வரிசையிலிருந்து ஒருவர் முன்னால் குனிந்தார். "கொஞ்சம் சும்மா இருங்கம்மா. அங்க ஜனம் செத்துட்டிருக்கு."

"செத்தது நான்தாங்க" என்றாள் அம்மா, திரும்பாமலே.